ஆசனமும் பேரமும்: இலங்கையின் தேர்தல் முறையும் பிரதேசப் பன்மையும்

1977 ஜூலையில் இலங்கையில் நடந்த பொதுத்தேர்தலில் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு நாடு முழுவதும் ஏறத்தாழ 30 சதவீத வாக்கு விழுந்தது. கிடைத்த ஆசனங்கள் 8. தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு விழுந்த வாக்கு 7 சதவீதத்துக்கும் குறைவு. கிடைத்த ஆசனங்கள் 18. ஐக்கிய தேசியக் கட்சி 51 சதவீத வாக்கை வைத்துக்கொண்டு 168 ஆசனங்களில் 140ஐ அள்ளியது. முந்தைய ஆண்டு வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேற்றிய கட்சியைச் சேர்ந்த அ. அமிர்தலிங்கம் நாட்டின் எதிர்க்கட்சித் தலைவரானார்.

இந்தக் கணக்கை உண்டாக்கியது மக்கள் குடியிருந்த இடம். சுதந்திரக் கட்சியின் ஆதரவாளர்கள் தெற்கிலும் மத்தியிலும் எங்கும் பரவியிருந்தார்கள். அதனால் கட்சி தொகுதிக்குத் தொகுதி இரண்டாவதாக வந்தது. கூட்டணிக்கு வாக்களித்தவர்கள் வடக்கிலும் கிழக்கின் சில பகுதிகளிலும் நெருங்கி வாழ்ந்தார்கள். ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், அதிக வாக்கு பெற்றவருக்கு வெற்றி என்ற முறை நெருங்கி வாழ்பவர்களுக்குக் கைகொடுக்கும், சிதறி வாழ்பவர்களைக் கைவிடும். ஒரு சமூகம் எத்தனை சதவீதம் என்பதைக் காட்டிலும் அது எங்கே, எப்படிக் குடியிருக்கிறது என்பதே அதற்குக் கணக்கு.

பிரதேசப் பன்மை உள்ள நாட்டுக்கு எந்தத் தேர்தல் முறை பொருந்தும் என்ற விவாதம் பெரும்பாலும் ஆசனக் கணக்கோடு நின்றுவிடுகிறது. 12 சதவீதம் பேருக்கு 12 சதவீத ஆசனம் கிடைத்தால் நியாயம் என்று எடுத்துக்கொள்கிறோம். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி தன் வாக்குப் பங்குக்கும் மேலாகவே ஆசனம் பெற்றது. ஆனால் ஆறில் ஐந்து பங்கு வைத்திருந்த அரசாங்கம் அந்த 18 பேரிடம் எதையும் கேட்க வேண்டிய தேவையே இல்லை. ஆகவே எந்த முறையையும் இரண்டு கேள்விகளால் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து. பிரதேசங்களின் குரல் சபைக்குள் வருகிறதா? வந்த குரலைக் கேட்காமல் அரசாங்கம் நடத்த முடியாதபடி இருக்கிறதா? கடந்த தொண்ணூறு ஆண்டுகளில் இலங்கை இவற்றுக்கு வெவ்வேறு விடைகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. இவ்வளவு சிறிய நாட்டில் இத்தனை வகை முறைகள் அமுலானது அபூர்வம்.

முதலில் குடியிருப்பு வரைபடத்தைப் பார்க்க வேண்டும். 2012 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் சிங்களவர் ஏறத்தாழ 75 சதவீதம், இலங்கைத் தமிழர் 11, முஸ்லிம்கள் 9க்குச் சற்று மேல், மலையகத் தமிழர் 4. (மலையகத்தவரில் கணிசமானோர் இலங்கைத் தமிழர் என்றே பதிந்துகொள்வதால் கடைசி எண் உண்மையைவிடக் குறைவு.) சிறுபான்மை என்ற ஒரே பெயரில் அழைக்கப்படும் இவர்களுக்கு மூன்று வேறு புவியியல்கள். வடக்கில் தமிழர் ஏறக்குறைய முழுப் பெரும்பான்மை. கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஊருக்கு ஊர் மாறி மாறி வாழ்கிறார்கள். எந்த ஒரு சமூகமும் மாகாணத்தில் பாதியைத் தொடுவதில்லை. முஸ்லிம்களில் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே கிழக்கில் இருக்கிறார்கள். மற்றவர்கள் கொழும்பு, கண்டி, புத்தளம், களுத்துறை என்று நாடெங்கும் பரந்திருக்கிறார்கள். மலையகத் தமிழர் நுவரெலியாவில் திரளாக இருக்கிறார்கள்; பதுளை, கண்டி, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தோட்டம் தோட்டமாகப் பிரிந்து கிடக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துக்குத் தொகுதிவாரி முறை எந்தக் கெடுதலும் செய்யாது. பேருவளை முஸ்லிமுக்கும் இரத்தினபுரித் தோட்டத் தொழிலாளிக்கும் அதே முறை நிரந்தரத் தோல்வி. தேர்தல் சீர்திருத்தத்தைப் பெரும்பான்மைக்கும் சிறுபான்மைக்கும் இடையிலான இழுபறியாகச் சித்தரிப்பவர்கள் சிறுபான்மையினரின் நலன்களே ஒன்றுக்கொன்று முரண்படும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சோல்பரி அரசியலமைப்பு இதை ஓரளவு உணர்ந்திருந்தது. தமிழ்த் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் கேட்ட ஐம்பதுக்கு ஐம்பதை (பெரும்பான்மைக்குப் பாதி ஆசனம், சிறுபான்மையினர் அனைவருக்குமாகப் பாதி) சோல்பரி ஆணைக்குழு நிராகரித்தது. அதற்குப் பதில் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதோடு ஒவ்வொரு 1,000 சதுர மைலுக்கும் ஓர் ஆசனம் என்ற சூத்திரம் வந்தது. நாட்டின் பரப்பு ஏறத்தாழ 25,000 சதுர மைல். ஆகவே 95 தெரிவு ஆசனங்களில் 25 நிலத்துக்காக ஒதுக்கப்பட்டவை. மக்கள் ஐதாக வாழும் வடக்குக்கும் கிழக்குக்கும் இது உதவும் என்பது எதிர்பார்ப்பு. உதவவும் செய்தது. ஆனால் அந்த இரு மாகாணங்களும் நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மிச்ச நில ஆசனங்கள் எல்லாம் வடமத்தி, ஊவா போன்ற சிங்கள நாட்டுப்புற மாகாணங்களுக்குப் போயின. சிறுபான்மைக்கான காப்பு என்று எழுதப்பட்ட விதி, நடைமுறையில் நாட்டுப்புறச் சிங்கள வாக்கின் எடையையும் கூட்டியது.

அடுத்து நடந்தது இதைவிடக் கொடிது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோட்டத் தொகுதிகளில் 6 ஆசனங்களை வென்றது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வந்தது. தோட்டத் தொழிலாளர்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து அகன்றன. 1952இல் அவர்களுக்கு ஓர் ஆசனமும் இல்லை. தொகுதி எல்லைகளோ 1946இல் அவர்களது தலைகளையும் எண்ணி வகுக்கப்பட்டவை. அவை அப்படியே இருந்தன. அவர்களுக்காகப் பிறந்த ஆசனங்கள் அங்கேயே நின்றன, வாக்கு மட்டும் அவர்களிடம் இல்லை. பக்கத்துக் கிராமத்துக் கண்டிச் சிங்கள வாக்காளரின் ஒரு வாக்குக்குக் கூடுதல் பெறுமதி கிடைத்தது. தேர்தல் முறையின் ஒரு வரியையும் தொடாமல், இடாப்பை மட்டும் மாற்றி, ஒரு பிரதேசத்தின் பிரதிநிதித்துவத்தை இன்னொரு சமூகத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் அறியேன்.

சோல்பரி ஏற்பாட்டில் அதிகம் பேசப்படாத நல்ல அம்சம் ஒன்று உண்டு. ஓர் இடத்தில் பெரும்பான்மையிலிருந்து இனத்தாலோ மதத்தாலோ வேறுபட்ட மக்கள் கணிசமாகச் செறிந்திருந்தால், அவர்களுக்கும் பிரதிநிதித்துவம் கிட்டும்படி எல்லை வகுக்கும் அதிகாரம் எல்லை நிர்ணய ஆணைக்குழுவுக்கு இருந்தது. அதற்கு ஆணைக்குழு கையாண்ட கருவிகளில் ஒன்று பல அங்கத்தவர் தொகுதி. சோல்பரி அரசியலமைப்புக்குப் பின்னும் அந்தக் கருவி நீடித்தது: 1977இல் இருந்த 160 தொகுதிகளில் 154இல் ஓர் உறுப்பினர்; நான்கில் இருவர்; இரண்டில் மூவர். அந்த ஆறும் எவை என்று பார்த்தால் ஆணைக்குழுவின் கவனம் புரியும்: கொழும்பு மத்தி, பேருவளை, ஹாரிஸ்பத்துவ, மட்டக்களப்பு, பொத்துவில், நுவரெலியா-மஸ்கெலியா. எல்லாமே கலந்து வாழும் இடங்கள்.

முடிவுகளும் அப்படியே அமைந்தன. மட்டக்களப்பில் கூட்டணியின் செ. இராசதுரையும் ஐ.தே.க.வின் முஸ்லிம் வேட்பாளரும் தெரிவானார்கள். பொத்துவிலில் ஒரு முஸ்லிமும் ஒரு தமிழரும். ஹாரிஸ்பத்துவவில் சிங்களவர் ஒருவரோடு ஏ. சி. எஸ். ஹமீத். மூவர் தொகுதியான நுவரெலியா-மஸ்கெலியாவில் காமினி திசாநாயக்க முதலிடம், அநுர பண்டாரநாயக்க இரண்டாமிடம், சௌமியமூர்த்தி தொண்டமான் மூன்றாமிடம். மூன்றாவதாக வந்தவருக்கும் ஆசனம் உண்டு என்ற ஒரே காரணத்தால், 1947இல் நுவரெலியாவில் வென்ற அதே தொண்டமான் முப்பது ஆண்டுகளுக்குப் பின் மக்கள் வாக்கில் சபைக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே அமைச்சரானார். அந்த மூன்று ஆசனங்களும் மூன்று தனித்தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தால், கோடு கிழித்தவரின் கையில்தான் மலையகத்தின் தலையெழுத்து இருந்திருக்கும்.

இந்த ஆறு தொகுதிகள் பெருவழக்கின் ஓரத்தில் நின்றவை. மையத்தில் நடந்தது வேறு. 1960 மார்ச் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. வடகிழக்குத் தமிழரின் தமிழரசுக் கட்சியின் 15 பேர் தராசு முள்ளாக நின்றார்கள். ஐ.தே.க.வின் டட்லி சேனாநாயக்க அமைத்த சிறுபான்மை அரசாங்கம் சிம்மாசன உரை வாக்கெடுப்பில் 86க்கு 61 என்று கவிழ்ந்தது. அந்த நாட்களில் தமிழரசின் கோரிக்கைகளை இரு பெரிய கட்சிகளும் உட்கார்ந்து கேட்டன. ஜூலையில் மறுதேர்தல். சுதந்திரக் கட்சி 34 சதவீதத்துக்குச் சற்றுக் குறைந்த வாக்கோடு 75 ஆசனங்களைப் பெற்றது. 37 சதவீதத்துக்கு மேல் வாக்கு பெற்ற ஐ.தே.க.வுக்கு 30தான். தமிழரசுக் கட்சி இம்முறை ஓர் ஆசனம் கூடுதலாக, 16 பெற்றது. ஆனால் இப்போது அவர்கள் தயவு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே நீதிமன்ற மொழியைச் சிங்களமாக்கும் சட்டம் நிறைவேறியது. வடக்கு கிழக்கில் கச்சேரிகளுக்கு முன்னால் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஆசனம் கூடியபோது செல்வாக்கு குறைந்ததை இந்த நான்கு மாத இடைவெளி காட்டுகிறது.

1970இல் சுதந்திரக் கட்சி தலைமையிலான ஐக்கிய முன்னணி ஏறத்தாழ பாதி வாக்கில் 151இல் 116 ஆசனங்களை எடுத்தது. 1972 குடியரசு அரசியலமைப்பு அந்தப் பலத்தில் பிறந்தது. சிறுபான்மைக் காப்பாகக் கருதப்பட்ட சோல்பரியின் 29ஆம் பிரிவு போயிற்று, பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது, தமிழரசுக் கட்சி அரசியல் நிர்ணய சபையிலிருந்து வெளியேறியிருந்தது. 1978 அரசியலமைப்பும் அப்படியே, ஒரே கட்சியின் பலத்தில் வந்தது. நாட்டின் அடித்தளச் சட்டம் ஆறு ஆண்டுகளுக்குள் இரண்டு தடவை, வடகிழக்கின் சம்மதமில்லாமல் எழுதப்பட்டது. இரண்டையும் சாத்தியமாக்கியது தொகுதிவாரி முறை தந்த செயற்கைப் பெரும்பான்மை.

விகிதாசார முறையைக் கொண்டுவந்தவர் தொகுதிவாரி முறையின் மிகப்பெரிய பலனை அனுபவித்த ஐ.தே.க. தலைவர் ஜே. ஆர். ஜயவர்தனவேதான். 1960இலும் 1970இலும் தன் எதிராளிக் கட்சியைவிட அதிக வாக்கு பெற்றும் தோற்ற கட்சி அவருடையது. விகிதாசாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு எவருக்கும் எளிதில் கிட்டாது. ஆகவே அவர் எழுதிய அரசியலமைப்பை இன்னொருவர் சுலபமாகத் தூக்கி எறியவும் முடியாது. அதையும் அவர் கணக்கில் வைத்திருந்தார் என்றே நான் நினைக்கிறேன். 1982இல் சர்வசன வாக்கெடுப்பால் பழைய சபையின் ஆயுளை நீட்டிக்கொண்டதால், புதிய முறையில் முதல் பொதுத்தேர்தல் 1989 வரை நடக்கவில்லை.

புதிய முறையில் 22 தேர்தல் மாவட்டங்கள், 196 ஆசனங்கள், மேலே 29 தேசியப் பட்டியல் ஆசனங்கள். 196இல் 160 வாக்காளர் தொகைப்படி பங்கிடப்படும். மீதி 36 மாகாணத்துக்கு நான்கு வீதம் ஒன்பது மாகாணங்களுக்கும் சமமாகப் போகும். சோல்பரியின் நில ஆசனம் வேறு உருவில் தொடர்கிறது. அதன் எடையை இன்றைய எண்களில் பார்க்கலாம்: 2024 தேர்தலில் மேல் மாகாணத்தின் 48 ஆசனங்களில் அந்த நான்கு பெரிய விஷயமில்லை, வடமாகாணத்தின் 12 ஆசனங்களில் அது மூன்றில் ஒன்று. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 1989இல் 11 ஆசனங்கள் இருந்தன, 2024இல் 6. போரும் புலப்பெயர்வும் இடாப்பைத் தேய்த்தன. மாகாணத்துக்கு நான்கு என்ற விதி இல்லாவிட்டால் இந்த வீழ்ச்சி இன்னும் ஆழமாக இருந்திருக்கும்.

ஆரம்பத்தில் வெட்டுப்புள்ளி, அதாவது ஆசனம் பெற ஒரு கட்சிக்கு வேண்டிய குறைந்தபட்ச வாக்கு, மாவட்டத்துக்கு 12.5 சதவீதம். அம்பாறையில் முஸ்லிம்கள் அதைத் தாண்டிவிடலாம். வேறு மாவட்டங்களில் ஒரு முஸ்லிம் கட்சியோ மலையகக் கட்சியோ தனித்து நின்றால் தாண்டுவது கடினம். எம். எச். எம். அஷ்ரப்பின் முஸ்லிம் காங்கிரஸ் இதைத்தான் பிடித்துக்கொண்டது. 1988 டிசம்பரில், ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிய வேளையில், வெட்டுப்புள்ளி 5 சதவீதமாக இறங்கியது. அந்தத் தேர்தலில் வென்ற ரணசிங்க பிரேமதாசவுக்குக் கிடைத்தது 50.43 சதவீதம்; அந்த விளிம்பில் சிறு கட்சியின் ஆதரவுக்கும் விலை இருந்தது. 1994இல் சந்திரிகா குமாரதுங்கவின் கூட்டணி 105 ஆசனங்களோடு நின்றபோது, 225 பேர் சபையில் அரசமைக்க முஸ்லிம் காங்கிரஸ் தேவைப்பட்டது. அஷ்ரப் அமைச்சரானார்.

அதே 1994இல் இன்னொரு காட்சியும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ ஆறு லட்சம் பதிவு வாக்காளர்கள். குடாநாடு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில். பிரதானமாகத் தீவுப்பகுதிகளில் விழுந்த பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகளைக் கொண்டு ஈ.பி.டி.பி. என்ற தமிழ்க் கட்சியைச் சார்ந்த சுயேச்சைக் குழு 10 ஆசனங்களில் 9ஐப் பெற்றது. மக்கள் வாக்களிக்க முடியாத நிலத்துக்கு எந்தச் சூத்திரமும் பிரதிநிதியைத் தராது.

விகிதாசாரம் பேரத்துக்குக் கதவு திறந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பேரத்தில் கைமாறியது என்ன? விருப்பு வாக்கு முறையில் வேட்பாளர் மாவட்டம் முழுவதும் சொந்தச் செலவில் ஓட வேண்டும், தன் கட்சிக்காரருடனேயே போட்டியிட வேண்டும். வென்றபின் அவர் தனி வியாபாரி. 2010இல் 18ஆவது திருத்தமும் 2020இல் 20ஆவது திருத்தமும் நிறைவேறத் தேவைப்பட்ட மூன்றில் இரண்டு, சிறு கட்சிகளின் ஆதரவாலும் எதிரணியிலிருந்து தாவியவர்களாலும் நிரம்பியது. பேரத்தின் பலன் அமைச்சுப் பதவியாக வந்தது, பிரதேசத்துக்கு அதிகாரமாக வரவில்லை. அதிகாரம் தர ஒருவர் விரும்பியபோதோ முறை தடுத்தது: 2000 ஆகஸ்டில் சந்திரிகா அரசாங்கம் கொண்டுவந்த அதிகாரப் பகிர்வு வரைவு மூன்றில் இரண்டைத் திரட்ட முடியாமல் கைவிடப்பட்டது, ஐ.தே.க. உறுப்பினர்கள் சபைக்குள்ளேயே அதன் பிரதியைக் கொளுத்தினார்கள். தொகுதிவாரி முறையில் மாற்றும் வலு இருந்தது, கேட்கும் தேவை இல்லை. விகிதாசாரத்தில் கேட்கும் தேவை வந்தது, மாற்றும் வலு போயிற்று. இலங்கையின் இனப்பிரச்சினை இந்த இரண்டுக்கும் நடுவில் ஐம்பது ஆண்டுகள் சிக்கிக் கிடந்தது.

ஜனாதிபதித் தேர்தலைப் பற்றி ஒரு வாதம் நெடுங்காலம் சொல்லப்பட்டது: 50 சதவீதம் தாண்ட வேண்டும், இரண்டாம் மூன்றாம் விருப்பும் எண்ணப்படும், ஆகவே வேட்பாளர்கள் சிறுபான்மை வாக்கைத் தேடியே ஆக வேண்டும். 2015இல் மைத்திரிபால சிறிசேன அப்படித்தான் வென்றார். 2019இல் கோட்டாபய ராஜபக்ஷ யாழ்ப்பாண மாவட்டத்தில் 10 சதவீத வாக்குக்கூட இல்லாமல் 52 சதவீதத்தோடு வென்றார். 75 சதவீதப் பெரும்பான்மை உள்ள நாட்டில் 50 சதவீத வாசல் எவரையும் வடக்கு நோக்கித் தள்ளாது. விருப்பு எண்ணிக்கை முதன்முறையாகத் தேவைப்பட்டது 2024இல். முதலிருவருக்கும் வெளியே விழுந்த வாக்கு ஏறத்தாழ 33 லட்சம்; அவற்றில் அந்த இருவருக்கும் போய்ச்சேர்ந்த விருப்பு 3 லட்சத்துக்கும் குறைவு. நாற்பத்தாறு ஆண்டுகள் சட்டத்தில் இருந்த ஏற்பாட்டை வாக்காளர்களுக்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை.

நைஜீரியாவைப் பார்த்து நாமும் பரவல் நிபந்தனை வைக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. 1979 அரசியலமைப்பு அங்கே ஜனாதிபதியாக வருபவர் மூன்றில் இரண்டு மாநிலங்களில் குறைந்தது கால்பங்கு வாக்காவது பெற வேண்டும் என்றது. அன்று 19 மாநிலங்கள். ஷெஹு ஷகாரி 12இல் தாண்டினார், 13ஆவதில் தாண்டவில்லை. பன்னிரண்டே மூன்றில் இரண்டு போதும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த விதி அங்கே உயிர்பெற்றதற்குக் காரணம், ஹௌசா-ஃபுலானி, யொருபா, இக்போ என்ற பெருங்குழுக்களில் எதுவும் தனித்துப் பாதியை எட்டாததே. இலங்கையில் 22 தேர்தல் மாவட்டங்களில் மூன்றில் இரண்டு என்றால் 15. வடகிழக்கில் இருப்பது ஐந்து. அந்த ஐந்தையும் ஒதுக்கிவிட்டு மிச்ச 17இல் 15ஐப் பெற்றாலே விதி நிறைவேறிவிடும். ஒரு நாட்டின் வரைபடத்துக்கு வெட்டிய சட்டம் இன்னொரு நாட்டில் வெறும் எழுத்தாகிவிடுகிறது.

கடைசியாக வந்தது கலப்பு முறை. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் 60 சதவீதம் வட்டாரம், 40 சதவீதம் பட்டியல். கலந்து வாழும் இடங்களுக்குப் பல அங்கத்தவர் வட்டாரங்கள் மீண்டும் வந்தன. அது நல்ல காரியம். ஆனால் உறுப்பினர் தொகை நாலாயிரத்துச் சொச்சத்திலிருந்து எட்டாயிரத்துக்கு மேல் வீங்கியது. மாகாண சபைகளுக்குப் பாதிக்குப் பாதி என்ற கலப்பு முறையை 2017 சட்டம் கொண்டுவந்தது. அதற்காக வகுக்கப்பட்ட புதிய தொகுதிகள் தங்கள் ஆசனங்களைக் குறைக்கும் என்று முஸ்லிம் கட்சிகளும் மலையகக் கட்சிகளும் சொன்னபோது அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது; சிதறி வாழ்பவர்களைத் தொகுதிக் கோடு என்ன செய்யும் என்பதை 1947 முதலே அவர்கள் பட்டறிந்தவர்கள். 2018 ஆகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கை நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கும் பெறாமல் தோற்றது. பழைய சட்டம் மாற்றப்பட்டுவிட்டது; புதியதை நடத்த எல்லைகள் இல்லை. 2014இல் ஊவாவில் நடந்ததே கடைசி மாகாண சபைத் தேர்தல். வடக்கின் சபை 2018 ஒக்டோபரில் காலாவதியானது, கிழக்கின் சபை அதற்கும் ஓராண்டு முன்னால்.

2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களை வென்றது. மட்டக்களப்பு தவிர 21 மாவட்டங்களிலும் முதலிடம், யாழ்ப்பாணத்தின் ஆறில் மூன்று. விகிதாசார முறையிலும் தனிக்கட்சி மூன்றில் இரண்டைத் தாண்டலாம் என்று தெரிந்தது. அதில் வடக்கின் வாக்கும் மலையகத்தின் வாக்கும் கலந்திருப்பது முன்பு காணாதது. மாற்றும் வலு இவர்களிடம் இருக்கிறது. கேட்கும் கட்டாயம் இல்லை, அவர்களே விரும்பினாலொழிய.

தேர்தல் முறையால் மட்டும் இந்தக் கட்டாயத்தை உண்டாக்க முடியாது என்பதற்கு இதுவே சான்று. 2017 செப்டெம்பரில் வந்த அரசியலமைப்பு வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை 55 பேர் கொண்ட இரண்டாம் சபையை முன்வைத்தது. 45 பேர் மாகாண சபைகளிலிருந்து, மாகாணத்துக்கு ஐந்து பேர் வீதம். 1971இல் ஒழிக்கப்பட்ட செனட் மாகாணங்களை ஒருபோதும் பிரதிநிதித்துவம் செய்யவில்லை. அதன் பாதியைக் கீழ்ச்சபை தெரிந்தது, மறுபாதியை ஆளுநர் நாயகம் நியமித்தார். புதிய யோசனை அதைவிடப் பெரிய முன்னேற்றம்; அரசியலமைப்பு மாற்றத்துக்கு அந்தச் சபையின் சம்மதமும் வேண்டும் என்றால் 1972ஐப் போல இன்னொன்று நடக்காது. ஆனால் அந்த 45 பேரை அனுப்ப வேண்டிய மாகாண சபைகளில் தெரிவான உறுப்பினர் ஒருவரும் இல்லை. ஆகவே கலப்பா, விகிதாசாரமா என்ற நீண்ட விவாதத்துக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: 2017க்கு முந்தைய முறையில் ஒரு தடவை தேர்தல் நடத்த ஒரு பக்கத் திருத்தச் சட்டம். அதை நிறைவேற்றச் சாதாரணப் பெரும்பான்மை போதும், 159 தேவையில்லை.